முப்பத்துநாலாயிரம், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது

ஓடுகிற பேருந்தை நிறுத்தி ஏறி, டிக்கெட் பரிசோதிப்பது அவர் வேலை. அதனால் வீட்டிலும் தெருவிலும் அவருக்குச் செக்கர் என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் முகத்தைப் பார்த்து, இவன் டிக்கெட் எடுத்தவனா எடுக்காதவனா என்று முடிவு கட்டுவதே பிழைப்பு என்றால், அந்தப் பார்வை சும்மா போய்விடுமா? சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டலாம். கண்ணைக் கழற்றி எங்கே மாட்டுவது?

தொழில் அவருக்குச் சில விதிகளைக் கற்றுக்கொடுத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்க்கிறவனிடம் டிக்கெட் இருக்காது. கேட்பதற்கு முன்னாலேயே டிக்கெட்டை நீட்டுகிறவனிடம் இருப்பது நேற்றைய டிக்கெட். இரண்டு பேர் சேர்ந்து வந்தால், கேள்வி கேட்டதும் எவன் மற்றவன் முகத்தைப் பார்க்கிறானோ அவனிடம்தான் விஷயம் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் இவற்றில் ஒன்றையாவது சொல்லாமல் எழுந்திருக்கமாட்டார். கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்கும் எல்லாம் மனப்பாடம்.

மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். தெருவில் அவள் கேக்கக்கா. ஃப்ரிட்ஜ் படுத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. பழுது பார்க்க வந்தவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவரைப் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கிரீமும் வெண்ணெயும் மேல்மாடி டீச்சர் வீட்டு ஃப்ரிட்ஜில் வாடகையில்லாமல் குடியிருந்தன. ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது படி ஏறி இறங்கினாள். டீச்சர் நல்ல மனுஷிதான். ஆனால் கரண்ட் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தக் கதவைத் திறந்ததில்லை.

இந்த ஆறு வாரமும் செக்கர் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பதினோரு கடை ஏறி இறங்கினார். பழைய குறிப்பேட்டின் பின்பக்கத்தில் கடை, மாடல், சொன்ன விலை, சொன்னவன் முகம் என்று எழுதிக்கொண்டார். ஒரு கடையில் 'இன்றே கடைசி நாள்' என்று பலகை மாட்டியிருந்தது. தொடர்ந்து நான்கு நாள் போய்ப் பார்த்தார். நான்கு நாளும் கடைசி நாளாகவே இருந்தது. ஆன்லைனில் விலை குறைவாக இருந்தது. ஆனால் கொண்டுவரத் தனி, படியேற்றத் தனி, பொருத்தத் தனி என்று கூட்டிப் பார்த்தால் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதையாக முடிந்தது.

அவர் மனதில் ஒரு விலை இருந்தது: முப்பத்துநாலாயிரம். ஒரு ஓட்டுநருடைய சகலை, இவர் பார்த்து வைத்திருந்த மாடலையே அந்த விலைக்கு வாங்கியதாக டிப்போவில் கேள்விப்பட்டிருந்தார்.

"அது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினதுங்க," என்றாள் மனைவி.

"அதுக்கென்ன? ஃப்ரிட்ஜ் என்ன தங்கமா, வருஷா வருஷம் ஏற? முப்பத்திநாலு. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை அவள் இன்னொரு விஷயம் சொன்னாள். பக்கத்து ஆஸ்பத்திரி கேன்டீனில் வாராவாரம் சனிக்கிழமை நாற்பது கிரீம் கேக் கேட்கிறார்கள். வருகிற சனிக்கிழமை சரியாகக் கொடுத்தால் தொடர்ந்து வாங்குவார்கள். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். நாற்பது கேக்கை டீச்சர் வீட்டில் கொண்டுபோய் வைக்க முடியாது. இந்த மாதிரி ஆர்டருக்கு அவள் மூன்று வருடமாகக் காத்திருந்தாள்.

"வியாழக்கிழமைக்குள்ள ஃப்ரிட்ஜ் வந்தா சரின்னு சொல்லிடுவேன்," என்றாள். "வரலேன்னா முடியாதுன்னு சொல்லணும்."

"அவசரப்பட்டா அவன் சொல்ற விலைதான். நமக்கு அவசரம்னு வாசனை தெரிஞ்சா போதும், கடைக்காரன் கத்தியைத் தீட்டிடுவான்," என்றார் செக்கர். அவள் மேற்கொண்டு பேசவில்லை. அப்போது பேசாமல் இருந்ததையே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் அவளே சொன்னாள்: "மார்க்கெட் முனையில ஒரு கடை இருக்கு. அங்க மட்டும்தான் நீங்க பாக்கல." இருவரும் போனார்கள். விற்பனையாளன் முப்பது வயதுக்காரன். கழுத்தில் டை, காலில் ரப்பர்ச் செருப்பு. மேலே பார்த்தால் பாங்க் மேனேஜர், கீழே பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரன். செக்கர் அவனுக்கு மனதுக்குள் 'டை' என்று பெயர் வைத்தார்.

விலைச் சீட்டில் முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு என்று இருந்தது. வாசலில் தொங்கிய பலகைப்படி ஆயிரத்து ஐந்நூறு தள்ளுபடி போக முப்பத்தேழு. செக்கர் சிரித்தார். தொழில்முறைச் சிரிப்பு.

"முப்பத்திநாலு," என்றார்.

டை நெஞ்சில் கை வைத்தான். "கட்டாது சார். உங்களுக்காக முப்பத்தாறரை."

"முப்பத்திநாலு."

"முப்பத்தாறு. இதுக்கு மேல என் கையில இல்ல சார்."

"அப்ப யார் கையில இருக்கோ அவரைக் கேட்டுட்டு வா."

டை உள்ளே போனான். நான்கு நிமிடம் கழித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து முப்பத்தைந்து என்றான். செக்கர் எழுந்தார், வாசலை நோக்கி நடந்தார். கல்லில் நார் உரிக்கிறவர் என்று டிப்போவில் பெயர் வாங்கியதே இந்த நடையால்தான். கண்ணாடிக் கதவின் கைப்பிடியில் கை பட்டதுதான் தாமதம், பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், சரி, வாங்க. முப்பத்திநாலு."

செக்கருக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அந்தக் குளிர்ச்சி கதவிலிருந்து திரும்பி நடந்த பத்தடிக்குள் போய்விட்டது. பதினோரு கடைக்காரர்கள் மூக்கால் அழுது முப்பத்தாறரைக்குக் கீழே இறங்க மறுத்தார்கள். இவன் மட்டும் ஏன் படிப்படியாக, பழகிய வீட்டில் இறங்குகிறவன் மாதிரி இறங்குகிறான்? அது மட்டுமல்ல. 'முப்பத்துநாலு' என்று சொன்னபோது, கதவுக் கண்ணாடியில் தெரிந்தவரை, அவன் செக்கரைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியைப் பார்த்தான்.

செக்கர் ஃப்ரிட்ஜைச் சோதனை போட ஆரம்பித்தார். கதவைத் திறந்து முகர்ந்தார். பின்பக்கம் குனிந்து திருகாணிகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். உத்தரவாத அட்டையில் இருந்த எண்ணையும் பெட்டியில் இருந்த எண்ணையும் விரல் வைத்து ஒப்பிட்டார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்தது என்பதே அவருக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, இந்த நடுத் தட்டைக் கழட்டிட்டா பத்து இன்ச் பெட்டி அப்படியே நிக்கும்," என்றான் டை.

கேக் பெட்டியைப் பற்றி அங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை. செக்கர் மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பையில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

பணத்தைக் கட்டியதும் பில் கேட்டார். "பிரிண்டர் ரிப்பேர் சார். நாளைக்கு ஃப்ரிட்ஜோட குடுத்து விடறேன்," என்றான் டை. சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த கவுன்டரில் ஒரு பிரிண்டர் கடகடவென்று ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்: "நீங்க பேசலேன்னா இந்த விலைக்கு வந்திருக்குமா?" ஒவ்வொரு சாமான் வாங்கும்போதும் அவள் சொல்கிற வாக்கியம் இது. ஓவன் வாங்கியபோது சொன்னாள், கேஸ் அடுப்பு வாங்கியபோது சொன்னாள். கேட்டு ஒரு வாரத்துக்குச் செக்கர் தரையில் கால் படாமல் நடப்பார். அன்றைக்கு அது காதுக்குள் போய் உள்ளே இறங்காமல் நின்றது.

வியாழக்கிழமை காலை ஃப்ரிட்ஜ் வந்தது, பில் வரவில்லை. வண்டிக்காரரைக் கேட்டால், "எனக்குச் சாமான் மட்டும்தான் குடுத்தாங்க," என்றார். மனைவி கேன்டீனுக்குப் போன் செய்து சரி என்று சொல்லிவிட்டாள். ஃப்ரிட்ஜும் ஒழுங்காக ஓடியது. செக்கர் அதன் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டார். சோழியன் குடுமி சும்மா ஆடாது. மூவாயிரம் குறைத்துக் கொடுத்துவிட்டு எவனாவது பில்லை ஒளிப்பானா? திருட்டுச் சாமானாக இருக்கும். இல்லையென்றால் எவனோ திருப்பிக் கொடுத்ததைத் துடைத்து வைத்திருப்பான்.

இவை இரண்டும்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது அவருக்கு. அரித்துக்கொண்டிருந்தது அந்தப் பார்வைதான்.

"அந்த டை கட்டின ஆளை உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"கடைக்காரனை எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவரைத் தவிர ஒன்றும் கிடையாது. அதிலே பார்ப்பதற்கு ஒரு விரிசல்கூட இல்லை. செக்கர் ஊரில் யாரை வேண்டுமானாலும் சந்தேகப்பட்டிருக்கிறார். இந்த ஒருத்தியைச் சந்தேகப்பட்டதில்லை. வீட்டுச் சாவி, சம்பளம், அவர் நோட்டம் விடாத ஒரே முகம் என்று எல்லாம் அவளிடம்தான் இருந்தன. இப்போது அவளும் ஜன்னலைப் பார்க்கிறாள். கமிஷன் வாங்கியிருப்பாளா? எதற்கு? என்னிடம் கேட்டால் கொடுக்கமாட்டேன் என்றா சொல்லப்போகிறேன்? கேட்டால் ஏன், எதற்கு, எவ்வளவு என்று ஒன்பது கேள்வி கேட்போம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அதை அவர் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

வெள்ளிக்கிழமை வேலையில் கவனம் இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவனிடம் டிக்கெட் கேட்டார். அவன் எடுத்துக் காட்டினான், இன்றைய டிக்கெட். "வேடிக்கை பாக்கறதுகூடத் தப்பா சார்?" என்று கேட்டான். மதிய இடைவேளையில் செக்கர் நேராகக் கடைக்குப் போனார்.

டை சாப்பிடப் போயிருந்தான். பணம் வாங்குகிற பெண் கம்ப்யூட்டரில் தேடி, கேட்ட மாத்திரத்தில் பில்லை அச்சடித்துக் கொடுத்தாள். பிரிண்டருக்கு ஒரு நோயும் இல்லை. செக்கர் வழக்கம்போல முதலில் எண்ணைப் பார்த்தார், பிறகு தேதியைப் பார்த்தார், பிறகு கீழே வந்தார்.

விலை முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. தள்ளுபடி ஆயிரத்து ஐந்நூறு. முன்பணம், திங்கட்கிழமை, மூவாயிரம். மீதி பெற்றது முப்பத்துநாலாயிரம். வாடிக்கையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், கேக்கக்கா.

அந்த நேரம் பார்த்து டை கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். பில்லைப் பார்த்ததும் அவன் முகம் பேயறைந்ததுபோல ஆனது.

"யார் இந்த முன்பணம் கட்டினது?" என்றார் செக்கர். பதில் எதிரேயே எழுதியிருந்தது. ஆனாலும் கேட்டார், அது தொழில் பழக்கம்.

"சார், அக்காகிட்டச் சொல்லிடாதீங்க. பில்லு உங்க கையில போகவே கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அவங்களே வந்து வாங்கிக்கிறேன்னாங்க."

"என்ன சொன்னாங்க? முழுசாச் சொல்லு."

டை தயங்கித் தயங்கிச் சொன்னான். "'அவர் முப்பத்திநாலுன்னு சொல்வாரு. ஒடனே ஒத்துக்காதே, மனசு விட்டுடும். ஐந்நூறு, ஆயிரம்னு எறங்கு. மேனேஜரைக் கேளுன்னு சொல்வாரு, உள்ள போய்த் தண்ணி குடிச்சுட்டு வா. அப்புறம் எழுந்து வாசலுக்குப் போவாரு. பயந்துடாதே, கதவுல கை வெச்ச அப்புறம் கூப்பிடு. அதுக்கு முன்னாடி கூப்பிட்டா சந்தேகப்படுவாரு'ன்னு சொன்னாங்க சார். நான் சரியாத்தானே செஞ்சேன்?"

செக்கருக்குக் காது மடல் சுட்டது. இருபத்திரண்டு வருடமாக ஊரையே படித்தவர். அவரைப் பக்கம் பக்கமாக ஒருத்தி படித்து வைத்திருந்தாள். டை ஆறுதல் சொல்ல நினைத்தானோ என்னவோ, "பலகைத் தள்ளுபடி எல்லாருக்கும் உண்டு சார்," என்றான். அதாவது, அவர் பேசிக் குறைத்தது ஒரு பைசாகூட இல்லை.

டூட்டி முடிந்து வீடு திரும்பும்போது பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார். மூவாயிரம். ஒரு கேக்குக்குச் செலவு போக அவளுக்கு நிற்பது முந்நூறு. பத்து கேக். அடித்து, வேகவைத்து, மேல்மாடிக்கு ஏற்றி இறக்கிச் சம்பாதித்த பத்து கேக்கை, புருஷன் கடைக்காரனிடம் ஜெயித்தான் என்று இருக்கட்டும் என்பதற்காகக் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறாள். அந்த ஆறு வாரத்தில் அவள் வேண்டாம் என்று விட்ட ஆர்டர்கள் எத்தனை என்று அவர் இதுவரை கேட்டதில்லை. குறிப்பேட்டில் அதற்கு ஒரு பத்தி போடவில்லை. வெட்கமாக இருந்தது. அவளைப் போய்க் கமிஷன் வாங்கினவள் என்று நினைத்தோமே என்பது அதைவிட வெட்கமாக இருந்தது.

சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தார். நாற்பது கேக்கில் பாதிக்குக் கிரீம் வைத்தாகிவிட்டது. மேசை முழுக்க வெள்ளை வெள்ளையாக வரிசை. புது ஃப்ரிட்ஜின் நடுத் தட்டு கழற்றப்பட்டு மூலையில் சாய்ந்திருந்தது.

"அந்தக் கிண்ணமெல்லாம் எடு, கழுவித் தரேன்," என்றார் செக்கர்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்புறம், இனிமே எது வாங்கணும்னாலும் நீயே போய் வாங்கிடு. எனக்கு டூட்டி சரியா இருக்கு. விலையெல்லாம் உனக்கே தெரியும்."

அவள் கிரீம் பையைக் கீழே வைத்தாள், கையை முந்தானையில் துடைத்தாள். "கேக்காமலேயே டிக்கெட்டை நீட்டறீங்க," என்றாள். "எங்க, பில்லைக் காட்டுங்க."

செக்கர் தன்னையறியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினார். எதிர்வீட்டுச் சுவர் அங்கேயே இருந்தது. வேறு வழியில்லாமல் சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"ஆறு வாரம் சொல்லிப் பாத்தேன்," என்றாள். குரல் உயரவில்லை. "நீங்க முப்பத்திநாலுலயே நின்னீங்க. சனிக்கிழமை வருதே, இதுவும் போயிடுமோன்னு பயமா இருந்தது. நான் வேற என்ன பண்ணட்டும்?"

"உன் காசு."

"என் காசுதான். படி ஏறி எறங்கின கால்வலிக்கு மூவாயிரம் மலிவு."

"நான் திருப்பித் தரேன்."

"எதுலேருந்து? பேரம் பேசி மிச்சம் பிடிச்ச காசுலேருந்தா?"

சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. செக்கருக்கு வரவில்லை. அவர் கண் சமையலறையைச் சுற்றிக்கொண்டிருந்தது. டிக்கெட் பார்த்துக்கொண்டு இருக்கை இருக்கையாகப் போகிற அதே பார்வை.

"ஓவன்?" என்றார்.

அவள் கிண்ணத்தில் ஒட்டியிருந்த கிரீமை வழித்தாள். "அதுக்கும் கொஞ்சம் குடுத்தேன்."

"அடுப்பு?"

"அதுக்கும்."

மூலையில் மிக்ஸி இருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கியது. மோட்டாரை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. அதை ஒரு மணி நேரம் பேசி, இரண்டு தடவை கடைப்படி இறங்கி, அறுநூறு குறைத்து வாங்கிய கதையைப் பத்தொன்பது வருடமாக டிப்போவில் சொல்லிவருகிறார். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் எல்லோரும் அதைக் கேட்டாக வேண்டும். அதைப் பற்றிக் கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனாலும் கேட்டார்.

"அப்ப மிக்ஸி?"

அவள் வேலையை நிறுத்திவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, கைப்பையைத் தேடவில்லை.

"மிக்ஸி நீங்க பேசி வாங்கினதுதான்," என்றாள்.

டிக்கெட் எடுத்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். டிக்கெட் இல்லாமல் போய் நன்றாகப் பழகியவர்களும் அப்படியே பார்ப்பார்கள். எது எது என்று கண்டுபிடிக்கச் செக்கருக்கு இன்னும் ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வி நாக்கு நுனி வரை வந்தும் விட்டது.

"சரி," என்று சொல்லிவிட்டு, கிண்ணங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.